சந்தனப் பொட்டு வைத்த மட்டை

என் டென்னிஸ் மட்டை இருபது வருடமாக அப்பா வீட்டுக் கூடத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் சந்தனப் பொட்டு ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து தடித்துப் போயிருக்கும். திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்து போர்வெல் போடுபவர்கள் வீட்டில் ஆயுத பூஜை தீபாவளியைவிடப் பெரிது. லாரி, கம்ப்ரசர், சுத்தியல், ஸ்பானர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கடைசியாக அப்பா என் மட்டையை இறக்கி அதற்கும் வைப்பார். "எம் புள்ளயோட ஆயுதமுங்க இது" என்று வந்தவர்களிடம் காட்டுவார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ஏமாளிக்கு எதிலும் பெருமைதான்.

அப்பா பொருள் வாங்கும் விதமே தனி. பாறையைத் துளைக்கும் பிட் ஒன்று வாங்க நாலு கடை ஏறி இறங்குவார். அதை வைத்து ஓட்டியவர்களைத் தேடிப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து விசாரிப்பார். "கேக்காம வாங்குனவன் கெட்டான்" என்பது அவர் வேதம். அவர் வாங்கியது சோடைபோனது என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. என் மட்டை ஒன்றுதான் அதில் விதிவிலக்கு என்று நம்பியிருந்தேன்.

பிளஸ் டூ முடிக்கும் சமயத்தில் சேலத்துக் கடைக்கு அழைத்துப் போனார். அப்போதெல்லாம் கிளப்பின் செம்மண் கோர்ட்டில் நான் பையன்களையே மூச்சு வாங்க ஓடவிடுவேன். வலைப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டேன். பின்கோட்டில் நின்றபடி பந்தைக் கீழிருந்து மேலாக இழுத்துச் சுழற்றி அடிப்பேன். அது உயரப் போய்ச் சட்டென்று இறங்கி, எதிரே நிற்பவர் தோளுக்கு எகிறும். சென்னையில் ஒரு கல்லூரி, நன்றாக ஆடும் பெண்களுக்கு விடுதியோடு இடம் தருவதாகச் சொல்லித் தேர்வு ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தது. கடைக்காரர் என் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு ஒரு மட்டையை நீட்டினார். அகலமான தலை, நரம்புகளுக்கு நடுவே தாராளமான இடைவெளி, அளவான எடை. சும்மா வீசினாலே விர்ரென்றது. அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேல் தட்டில் இருந்ததைக் கை காட்டினார். சின்னத் தலை, நெருக்கமாகப் பின்னிய நரம்பு, நல்ல கனம், விலையும் அதிகம். "பெரிய பெரிய ஆளுக புடிக்கறது இது சாமி. லேசா இருக்கறது நாளைக்கு ஏமாத்திப்போடும்" என்றார். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா பார்த்த பார்வையில் பேசாமல் பில் போடப் போனார். இருப்பதிலேயே ஒசத்தியானதை வாங்கித் தருகிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதை மட்டமான மட்டை என்று சொல்லமாட்டேன். முன்னேறிப் போய் வலையோரம் ஆடுபவருக்கு, பந்தை இம்மி பிசகாமல் வைப்பவருக்கு அது தங்கம். பின்னால் நின்று விளாசும் எனக்கு அது சந்தையில் மாற்றிப் பிடித்த மாடு. எவ்வளவு இழுத்தாலும் அந்த நெருக்கமான நரம்பு பந்தைக் கவ்வவில்லை. சுழலாத பந்து கோட்டைத் தாண்டி ஓடியது, இல்லாவிட்டால் பாதியில் விழுந்து எதிராளிக்கு விருந்தானது. பழகினால் சரியாகிவிடும் என்றார் அப்பா. தோள் வலியோடு பழகினேன். சென்னையில் கடைசி செட்டில் கையைத் தூக்க முடியாமல் தோற்றேன். ஊர் திரும்பும் பஸ்ஸில் அப்பா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். வீட்டிலிருந்தே போய்வரும் கல்லூரியில் சேர்த்துவிட்டார். யாராவது மட்டையைக் குறை சொன்னால் நான்தான் சண்டைக்குப் போவேன். ரிக்காரருக்கு டென்னிஸைப் பற்றி என்ன தெரியும், பாசத்தில் வாங்கிக் கொடுத்தார் என்பேன்.

போன புரட்டாசியில் என் மகனுக்கு மட்டை வாங்க அதே கடைக்குப் போனோம். பேரனுக்கு நான்தான் வாங்குவேன் என்று அப்பாவும் வந்தார். கடைக்காரர் கேட்பதற்கு முன்பே அப்பா ஆரம்பித்துவிட்டார். "பின்னால நின்னு அடிக்கற பையனுங்க. தல பெருசா, நரம்பு எட்ட எட்டமா இருக்கறதாக் குடுங்க, அப்பத்தான் பந்தக் கவ்விச் சுத்தும். கனம் வேண்டாம், வீச்சு கொறஞ்சுரும்." என் பக்கம் திரும்பி, "அப்படியே உன்ற ஆட்டந்தான் சாமி இவனுக்கும்" என்று சிரித்தார்.

"இதெல்லாம் எப்பங்கப்பா தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்றேன்.

"உனக்கு வாங்கறதுக்கு முன்னாலயே நாலு பேரக் கேட்டனே" என்றார், பிட் விலை சொல்வதுபோல. அதன் பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

"அப்புறம் ஏனுங்கப்பா எனக்கு அதை வாங்கித் தந்தீங்க?"

புது மட்டையின் பிடியைத் தடவிக்கொண்டே நின்றார். "நீ செயிச்சிருந்தா போயிருப்பியே சாமி."

போகாதே என்று சொல்லியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், சோறு தின்னாமல் கிடந்திருப்பேன், கடைசியில் கேட்டும் இருப்பேன். மகளைத் தடுத்தவர் என்ற பொல்லாப்பைக்கூட அவர் ஏற்கவில்லை. என் கை போதாது என்று என்னையே நம்பவைத்தார். ஊரெல்லாம் குழி போட்டவர் என் காலடியிலும் ஒன்று போட்டுவிட்டு, அதற்கு வருடாவருடம் பொட்டும் வைத்திருக்கிறார். அந்த பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து அழுததுதான் இப்போது எனக்கு அதிகம் எரிகிறது.

அடுத்த வாரமே ஆயுத பூஜை. லாரிக்கெல்லாம் வைத்து முடித்து, பேரனின் புது மட்டைக்கும் வைத்தார். பிறகு வழக்கம்போல ஆணியிலிருந்து என்னுடையதை இறக்கி, கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார்.

"அதுக்கு வேண்டாங்கப்பா" என்றேன். வந்தவர்கள் எல்லோர் எதிரிலும்தான் சொன்னேன். அவர் மட்டையை மறுபடி மாட்டாமல், கீழேயும் வைக்காமல் அப்படியே நின்றார். சந்தனம் அவர் விரலிலேயே காய்ந்தது.