கம்பவுண்டர் சட்டைக்குள் ஒரு குழந்தை

யுத்த காலத்தில் எங்கள் திருத்தணி ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே ரப்பர் வெந்நீர்ப் பை கிழிந்துபோனது. புதிது கேட்டால், ரப்பரெல்லாம் சண்டைக்குப் போய்விட்டது என்றார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் நாகம்மா வந்து சேர்ந்தாள். பள்ளிப்பட்டு நெசவாளர் வீட்டுப் பெண். மலைக்கு வேண்டுதல் செலுத்த வந்தவள், படியில் கால் வைப்பதற்குள் வலி கண்டுவிட்டது. எட்டாம் மாதம். பிறந்தது ஆண். என் உள்ளங்கையில் தலையை வைத்தால் முழங்கை வருவதற்குள் கால் முடிந்துவிட்டது.

கம்பவுண்டர் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளே, மிக்ஸ்சர் கலக்கத் தெரிந்தால் போதும் என்று நானும் அன்றைக்குக் காலை வரை நம்பியிருந்தேன்.

நாகம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டரம்மா அவளை விட்டு நகர முடியாது. குழந்தையைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"கம்பவுண்டர், இது குளுந்து போச்சுன்னா நமக்குக் கெடைக்காது. சூடா வச்சிருங்க."

கதவு சாத்திக்கொண்டது. என் உடம்பில் இருந்த சூடும் அதோடு போய்விட்டது.

சோடா பாட்டில் வைத்தியம்

குழந்தையை நாகம்மாவின் நாத்தனார் ராஜம்மாவிடம் கொடுத்துவிட்டு, கணவன் வெங்கடேசுவைச் சோடாக் கடைக்கு விரட்டினேன். கையிலிருந்த பஞ்சையெல்லாம் மருந்துப் பெட்டி ஒன்றுக்குள் பரப்பி, அவன் கொண்டுவந்த காலி பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, இரண்டு பக்கமும் படுக்க வைத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கோலி சோடா பாட்டிலின் வாயைக் கோலி அடைத்து நிற்பது உள்ளேயிருக்கும் காஸின் பலத்தால். என் வெந்நீரில் காஸ் ஏது? கோலிகள் மரியாதையாக விலகி வழிவிட்டன. பஞ்சு முழுக்க நனைந்து, மீதி என் வேட்டியில் இறங்கியது. குழந்தையை அதுவரை அதில் படுக்க வைக்காதது நான் அன்று செய்த ஒரே நல்ல காரியம்.

ராஜம்மா குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார். "எட்டாம் மாசப் புள்ள தங்காதுங்க," என்று மெல்லச் சொன்னார். தொட்டுப் பார்த்தேன். கால் ஜில்லென்றிருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது. சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, மார்போடு மார்பாக வைத்து, தலையைத் துணியால் மூடி, மேலே கோட்டை மாட்டிக்கொண்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அங்கே ஈரமில்லாமல், ஓரளவு சூடாக மிஞ்சியிருந்தது என் மேல்பாதி ஒன்றுதான்.

வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். கே.ஜி. கண்டிகையிலிருந்து இருமல் மருந்துக்கு வந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா கம்பவுண்டரே, மாசமா கீறீங்களா?"

"ஆங், எட்டு," என்று சொல்லி ஒரு கையால் மிக்ஸ்சரை ஊற்றிக் கொடுத்தேன். கொஞ்சம் கையிலும் ஊற்றிக்கொண்டேன்.

கோட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் சிவப்பு வந்தது. கால் வெதுவெதுப்பானது. அப்புறம் தலை அசைந்தது. வாய் எதையோ துழாவியது. துழாவி, கிடைக்கக் கூடாத இடத்தில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டது.

நான் போட்ட கூச்சலில், குழந்தை போய்விட்டது என்று நினைத்தே டாக்டரம்மா ஓடி வந்தார். கோட்டை விலக்கிப் பார்த்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"பால் தேடுது, கம்பவுண்டர். தேடற தெம்பு வந்துடுச்சு."

அதற்குள் நாகம்மாவுக்கு ரத்தம் நின்றிருந்தது. குழந்தையை அதே மாதிரி அவள் ரவிக்கைக்குள் வெறும் மார்பில் சேர்க்கச் சொன்னார். ராஜம்மா குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு குறுக்கே நின்றார். முதல் பால் ஆகாது, பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும், மூன்று நாளைக்குச் சர்க்கரைத் தண்ணீர்தான், வெங்கடேசுவைக் கழுதைப் பால் வாங்க அனுப்பியாயிற்று என்றார். அந்த ஊர் வழக்கம் அது. என் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஆனால் என் மார்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"எங்கிட்டயே பாலு இருக்கும்னு நம்பிச்சும்மா இது," என்றேன். "பெத்தவகிட்ட இருக்கிறத வேணாம்னு நீங்க எப்டி சொல்றீங்க?"

ராஜம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தச் சிரிப்புக்குள் நாகம்மா நாத்தனாரிடம் கையை நீட்டி, தெலுங்கு முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். "குடு வதினா. நான் பாத்துக்கறேன்."

குழந்தை இரண்டு உறிஞ்சு உறிஞ்சும், தூங்கிப்போகும். அதனால் மஞ்சளாக வந்த அந்த முதல் பாலைப் பாலாடையில் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினோம். மறுபடி மார்பில் போட்டோம். நாகம்மா அசந்தபோது வெங்கடேசு சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் வாங்கி வந்த கழுதைப் பாலை இருமல்காரப் பெரியவர் குடித்துவிட்டுப் போனார்.

தம்பிகளே, குறைமாதப் பிள்ளை வந்தால் பாட்டில் தேடி ஓடாதீர்கள். தாயின் மார்பில் சேருங்கள். தாய்க்கு முடியாவிட்டால் அவள் தேறும்வரை வேறு எந்த மார்பும் ஆகும், கம்பவுண்டருடையது உட்பட. ஆனால் பால் தாயுடையதாக இருக்கட்டும்.

குழந்தை கன்னம் உப்பி ஊருக்குக் கிளம்பிய அன்று, வெங்கடேசு அவனை என் மார்பில் ஒரு தடவை சாய்த்தான். நான் முன்னெச்சரிக்கையாகச் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். தேவையே இருக்கவில்லை. பயல் ஒரு முறை முகர்ந்து பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவிடம் போக அழுதான்.