படத்தில் மாட்டிக்கொண்ட பஸ்

எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். அதனால் கம்பெனியில் அவருக்கு 'சரிங்க' என்றே பெயர். வாய் செத்த மனுஷன். பஸ் ஓட்டத் தொடங்கிய இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட 'முடியாது' என்று சொன்னதில்லை. அடுத்தவர் தட்டிக்கழித்த வேலையெல்லாம் அவர் தலையில்தான் வந்து விழும்.

அன்றைக்கு அவருக்கு லீவு. ஒரே மகள் வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள். இரண்டு வருஷத்துக்குத் திரும்ப மாட்டாள். சாயங்கால ரயிலில் ஏற்றிவிட வருவதாகச் சொல்லியிருந்தார். விடிந்ததும் மேனேஜர் போன் போட்டார். வெளிநாட்டிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் படம் வரையவும் எழுதவும் வந்திருக்கிறார்களாம், அவர்கள் பாஷை பேசுகிற டிரைவர் இவர் ஒருத்தர்தானாம், நாலு மணிக்கு விட்டுவிடுவார்களாம். சரிங்க என்றார். வேறென்ன சொல்வார்?

பழைய மார்க்கெட் கட்டடத்தின் முன் பஸ்ஸை நிறுத்தியதும், பிள்ளைகள் இறங்கி எதிர் நடைபாதையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பாதிப் பேர் வரைந்தார்கள், மீதிப் பேர் எழுதினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. முந்தின ராத்திரியும் வண்டி ஓட்டியதில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. மரத்தடிக்கு நகர்த்தலாம் என்று இன்ஜினைப் போட்டாரோ இல்லையோ, ஒரே கூச்சல்.

"ஐயோ அங்கிள், எடுக்காதீங்க! பஸ் எங்க படத்துல இருக்கு!"

எல்லார் படத்திலும் இருந்தது, கண்றாவி. அணைத்துவிட்டு வெந்துகொண்டு உட்கார்ந்தார்.

நாலு மணியும் தாண்டியது. கூட வந்த டீச்சர், "டிரைவர் சார், வெளிச்சம் இப்பத்தான் அழகா விழுது. கொஞ்ச நேரம் இருக்கலாமா?" என்றார். பொண்ணு ஊருக்குப் போறா என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? சரிங்க என்றார். இந்த மனுஷனை என்னதான் செய்வது!

எழுதுகிற கூட்டத்திலிருந்து ஒரு பெண் நோட்டோடு வந்தாள். "காத்துட்டிருக்கும்போது என்ன அங்கிள் நினைப்பீங்க? எழுதணும்."

அவருக்கு மழுப்பக்கூடத் தெம்பில்லை. "ஆறு மணி ரயில்ல என் பொண்ணு போறா. அதைத்தான்மா நினைக்கிறேன்."

"அட, இதை முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?" என்று கத்திக்கொண்டே அவள் ஓடினாள்.

அரைகுறைப் படங்களோடு பிள்ளைகள் தடதடவென்று ஏறினார்கள். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். கேட்டிருந்தால் அப்போதே விட்டிருப்பார்கள்.

பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போன் அடித்தது.

"ரயில் கிளம்பிடுச்சுப்பா."

"வந்துட்டேன்மா, பாலத்துலதான் நிக்கிறேன்..."

"பரவாயில்லப்பா. நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. அம்மாதான் ஸ்டேஷன் வாசலையே பார்த்துட்டு நின்னாங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போயிடுங்க. சாப்பிட்டீங்களா?"

குரலில் துளி கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"சாப்பிட்டேன்மா" என்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.