ஜாஸ்தி தேய்த்த இடம்

கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்துக்குப் போகிற பாதையை அந்த வருட மழையில் ஏரித் தண்ணீர் மூடிவிட்டது. தினமும் ஊரைச் சுற்றிப் போய் அலுத்த என் கணவர், பிளைவுட் வாங்கிவந்து, செல்போனில் வீடியோ பார்த்துத் தானே ஒரு படகு செய்யத் தொடங்கினார். அவருக்கு நீச்சல் தெரியாது. அந்த ஏரியில் மண் எடுத்த பள்ளங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் படகு குப்புறக் கிடந்தது. அடிப்பாகத்தை வழவழவென்று தேய்க்க வேண்டும். தூசி பட்டால் அவருக்கு மூச்சு இழுக்கும் என்பதால் உப்புத்தாளை நான் வாங்கிக்கொண்டேன்.

"லேசா தேய், போதும்" என்றார்.

எனக்குப் போதவில்லை. கையால் தடவுவேன், சொரசொரப்பு தட்டும், மறுபடி தேய்ப்பேன். மூன்றாம் நாள், பலகைகள் சேரும் மூட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நிறம் மாறியிருந்தது. நீளவாக்கில் ஓடிய மர ரேகை அங்கே மட்டும் குறுக்கே ஓடியது. பிளைவுட்டின் மேல் அடுக்கே தேய்ந்து போய்விட்டது. பள்ளம் அடைக்கும் பட்டி மாவை வைத்து மூடி, ஒன்றும் நடக்காததுபோல் தேய்த்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

"என்னங்க, அடிக்காதீங்க. அந்த இடத்துல ஜாஸ்தி தேச்சிட்டேன். பட்டி வச்சு மூடிட்டேன்."

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"நேத்து வெட்கமா இருந்துச்சு. இப்ப பயமா இருக்கு."

அவர் திட்டவில்லை. பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஃபைபர் துணி வைத்துப் பசை பூசினார். அது காய்ந்ததும் நானே தேய்த்தேன், இந்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு.

லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறக் கூடாது என்று சண்டை போட்டு வாங்க வைத்தேன். முதல் நாள் கரையோரமாகவே கயிறு கட்டி மிதக்கவிட்டோம். உள்ளே ஈரம் தெரிந்தது. நான் தேய்த்த இடத்தில் இல்லை. அவர் பலகைகளைச் சேர்த்து ஒட்டிய முனையில். "கம்மியா பசை போட்டுட்டேன் போல" என்றார் தலையைச் சொறிந்துகொண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி ஒட்டினோம்.

அடுத்த வாரம் கயிறு இல்லாமல் போனார். அவர் துடுப்பு போடப் போட, கரையில் நின்ற எனக்குக் கைகள் வலித்தன. எதிர்க்கரையில் இறங்கிக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். இதே தண்ணீரில் அவர் திரும்பி வர வேண்டுமே என்று அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.