ஒரு காருக்கு இரண்டு நேர்த்தி

மகன் தனக்கு அந்தக் கார் கிடைக்கவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்த அதே கிழமை, கிடைத்தாலும் அது றோட்டில் ஏறக்கூடாது என்று நானும் நேர்த்தி வைத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பிள்ளையார். கிடைக்கவே கூடாது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையின் ஆசை அல்லவா. அதனால் றோட்டில் மட்டும் ஏறவேண்டாம் என்று கேட்டேன்.

நான் இதை ஒளிக்கவும் இல்லை. அன்று மத்தியானம் சோறு போடும்போதே சொல்லிவிட்டேன்.

"நீ தேங்காய் உடைக்கிறன் எண்டு கேட்டனியாம். நானும் கேட்டுப்போட்டுத்தான் வந்தனான்."

"அம்மா, பிள்ளையார் பாவம். அவர் ஆற்ற கதையைக் கேக்கிறது?"

"பெத்தவளின்ர கதையைத்தான் கேப்பார். அவருக்கும் அம்மா இருக்கிறா."

அவனுடைய அப்பா பிளேற்றை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை. "என்னை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. ஆர் வெண்டாலும் சந்தையில தேங்காய் வாங்கிறது நான்தான்" என்றார்.

அப்போது மகனுக்குப் பதினேழு வயது. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் நின்றான். அவன் ஆசைப்பட்டது ஒரு மொறிஸ் மைனர். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த ஒரு ஐயா எங்கள் ஒழுங்கைத் தெருவின் முடிவில் இருந்தார். அவருடைய வளவில், கிடுகுக் கொட்டிலுக்குள், அது கல்லின் மேல் ஏறி நின்றது. ஒரு காலத்தில் பச்சை நிறமாம். ஐயாவின் கோழிகள் அதன் பின் சீற்றில்தான் முட்டையிட்டன. சின்ன வயதில் மகனை முட்டை வாங்க அனுப்பினால் திரும்பி வரமாட்டான். நான் போய்ப் பார்த்தால், பின்னுக்கு ஒரு கோழி அடைகிடக்க, முன்னுக்கு இவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எங்கேயோ போய்க்கொண்டிருப்பான்.

எனக்கு அந்தக் காரில் கோபம் இல்லை. என் பயம் வேறு. அது பிரச்சினைக் காலம், ஆமியும் இயக்கமும் சண்டை பிடித்த காலம். வாகனம் வைத்திருந்த வீடுகளுக்கு ஆட்கள் கேட்டு வருவார்கள். கேட்கிறது என்று பேர்தான், இல்லை என்று சொல்ல ஏலாது. இன்றைக்கு ஒரு பக்கத்துக்கு ஓடினால், ஏன் ஓடினாய் என்று நாளைக்கு மற்றப் பக்கம் விசாரிக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வான்காரர் அப்படிப் போய், வான் மட்டும் ஒரு பற்றைக்குப் பக்கத்தில் கிடந்தது. இதெல்லாம் மகனுக்கும் தெரியும். தெரிந்தும் ஆசைப்பட்டான். அந்த வயதில் வேறு எதற்கு ஆசைப்படுகிறது என்றும் சில வேளை யோசிப்பேன். அவனோடு படித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாடு போக நின்றார்கள். இவன் ஒருவன்தான் ஓடாத காரை வைத்துக்கொண்டு ஊரிலேயே ஓட நின்றவன்.

காசு சேர்க்க அவன் கண்டுபிடித்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். மூதூரில் இருந்து லோஞ்சிப் படகில் தயிர்ச் சட்டிகள் வந்து இறங்கும். இறங்குதுறையில் ஆமியின் சோதனை. ஒவ்வொரு சட்டியின் வாய்க்கட்டையும் அவிழ்த்துக் காட்டவேண்டும். அவிழ்க்கிறது லேசு. திரும்பக் கட்டுகிறதுதான் கரைச்சல். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், அரைகுறையாகக் கட்டின சட்டி கந்தளாய் போய்ச் சேர முதலே மற்றவர்களின் மடியில் ஊற்றுப்பட்டுவிடும். மகன் வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பழைய சாக்கில் சுற்றிக்கொண்டு விடியக் காலமை அங்கே போய் நிற்பான். சோதனை முடிந்த சட்டியை வாங்கி, கடதாசியை இழுத்து மூடி, நாரை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சு. சட்டிக்கு இவ்வளவு என்று கூலி.

தயிர் கொண்டுவரும் ஒரு முஸ்லிம் காக்கா என்னைச் சந்தையில் கண்டு சொன்னார், "உங்கட மகன்ட கை பட்டாத்தான் தங்கச்சி என்ட தயிர் முழுசாப் போய்ச் சேருது. அவருக்கு நல்ல இடத்தில கலியாணம் பேசலாம்."

"அவர் காரைத்தான் கட்டப்போறாராம்" என்றேன்.

பின்னேரங்களில் லொறியை மூடுகிற படங்கு தைக்கிற இடத்திலும் வேலை செய்தான். கையெல்லாம் ஊசி குத்தின காயம். காசை ஒரு மாப்பால் தகர ரின்னுக்குள் போட்டு சாமித் தட்டில் பிள்ளையாருக்குப் பின்னால் வைப்பான். விளக்கு ஏற்றும்போது அந்த ரின்னைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் நான் கும்பிடவேண்டும். வேண்டுமென்றே அங்கே வைத்தானோ என்னவோ.

இப்படி ஒரு வருசத்துக்குமேல் போனது. அவனுக்கும் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. கிளாக்கர் ஐயா கொழும்பில் மகளோடு இருக்கப் போகிறார் என்று கதை வந்தது. கந்தளாயில் இருந்து பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் வந்து காரைப் பார்த்துவிட்டுப் போனார். மகன் ரின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நானும் பின்னால் போனேன்.

ஐயா கதிரையில் இருந்தபடி கேட்டார், "தம்பி, இரும்புக்காரன் உன்னைவிடக் கூடத் தாறன் எண்டவன். ஆனா அவன் வெட்டப்போறான். நீ என்ன செய்யப்போறாய்?"

"நான் ஓடப்போறன் ஐயா."

"ஓடும் எண்டு நான் சொல்லேல்லை. பிறகு என்னோட கதைக்கு வரப்படாது."

"வரமாட்டன்."

"அம்மா என்ன சொல்லுறா?"

"அம்மாவும் பிள்ளையாரோட கதைச்சவ" என்றான். ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரின்னை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கார்த் திறப்பை மகனின் கையில் கொடுத்தார்.

ஒழுங்கைப் பொடியங்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். எவ்வளவு பயம் இருந்தாலும், வாசலுக்கு வந்த வாகனத்துக்குக் கற்பூரம் காட்டாமல் விட எனக்கு மனம் கேட்கவில்லை. சந்தனம் வைத்து, பூ வைத்து உள்ளே எடுத்தோம்.

கராச் பாஸ் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். உப்புக் காத்தில் இவ்வளவு காலம் நின்றதால் எஞ்சின் உள்ளுக்குள் இறுகிவிட்டதாம். என்ன அரக்கினாலும் அசையாதாம். மகனின் முகம் செத்துப் போனது. அவனுடைய அப்பா என்னை மெல்லப் பார்த்தார்.

"இஞ்ச பாரும், ரெண்டு நேர்த்தியும் பலிச்சிட்டுது. அவனுக்குக் காரும் கிடைச்சுது. அது றோட்டிலயும் ஏறாது."

நான் சந்தோசப்பட்டிருக்கவேண்டும். கொஞ்ச நாள் சந்தோசமாகத்தான் இருந்தேன். மகன் காலமையில் தயிர்ச் சட்டி கட்டிவிட்டு வந்து, காருக்குள் இருந்து சாப்பிடுவான், காருக்குள் இருந்தே நித்திரை கொள்ளுவான். நான் ஏசாமல் ஒரு நாளும் சாப்பிட்ட கோப்பை குசினிக்கு வராது.

பிறகு ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்று நடந்தது. எங்கள் ஒழுங்கையில் இருந்த பொடியங்கள் எல்லாரையும் விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இவன் அப்போது காருக்குக் கீழே படுத்திருந்தான். கையில் கிரீசோடு போனான். நாங்கள் தாய்மார் மைதானத்து வேலிக்கு வெளியே வெயிலில் நின்றோம். பொழுதுபட விட்டார்கள். வீட்டுக்கு வந்தான். கையைக் கழுவிவிட்டு, ஒரு துணியை எடுத்துக் காரின் கண்ணாடியைத் துடைத்தான்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கார் றோட்டில் ஏறாமலே என் பிள்ளையைக் கொண்டுபோனார்கள். வீட்டு வளவுக்குள் படுத்திருந்தவனைத்தான் கொண்டுபோனார்கள். பிறகு நான் பிள்ளையாரிடம் கேட்டு வாங்கினது என்ன? அவனுடைய ஆசையை நிற்பாட்டினது மட்டும்தானே.

அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போய் ஐயரிடம் சொன்னேன், நேர்த்தியை மாற்றவேண்டும் என்று.

ஐயர் சிரித்தார். "பிள்ளை, கேட்டது கிடைச்சது எல்லோ? முதல்ல அதுக்கு உடையுங்கோ. பிறகு புதுசாக் கேளுங்கோ. பழைய கணக்கை வைச்சுக்கொண்டு அவரிட்டப் போகப்படாது."

"அவர் என்ன நினைப்பார் ஐயா?"

"அவருக்கு இது பழக்கம். தாய்மார் எல்லாரும் இப்பிடித்தான்."

றோட்டில் ஏறக்கூடாது என்று கேட்டதற்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அந்தச் சிதறலைப் பிள்ளைகள் பொறுக்கி முடிக்க முதலே, கார் ஓடவேண்டும் என்று கேட்டேன். ஓடும்போது பிள்ளைக்கு ஒன்றும் வரக்கூடாது என்றும் சேர்த்துக் கேட்டேன்.

கராச் பாஸ் ஒரு வழி சொல்லியிருந்தார். பிளக் ஓட்டைகளுக்குள்ளால் டீசல் ஊற்றி ஊறவிட்டு, டொப் கியரில் போட்டு, காரை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டவேண்டும். காலமை, பின்னேரம், ஒவ்வொரு நாளும். ஒரு மயிரிழை அசைந்தாலும் போதுமாம். மகனும் அப்பாவும் ஆட்டிக்கொண்டு நின்றார்கள். நான் கோயிலால் வந்த கோலத்தோடேயே சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னுக்குப் போய்க் கை வைத்தேன்.

மகன் திரும்பிப் பார்த்தான். "அம்மா, நீங்கள் எந்தப் பக்கம்?"

"பின்பக்கம். தள்ளு."

அன்றைக்கு அசையவில்லை. அந்த மாதம் முழுக்க விளக்கு ஏற்றிவிட்டுக் கார் ஆட்டுகிறதுதான் எங்கள் வேலை. அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்து, "என்ன, தொட்டில் ஆட்டுறீங்களோ?" என்று கேட்பார். அவனுடைய அப்பா, "ஓம், பிள்ளை இன்னும் கண் முழிக்கேல்லை" என்பார். ஒரு பின்னேரம் உள்ளுக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம். கார் என் கையை விட்டு ஒரு முழம் நழுவி முன்னுக்குப் போனது. மூன்று பேரும் அப்படியே நின்றோம். பிறகு மகன் மண்ணில் குந்தி இருந்து அழுதான்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வேலை. ஆனாலும் ஓடியது. லைசன்சும் எடுத்தான். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "முன் சீற்றில நான் இருப்பன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"பிரச்சினை முடியும்வரைக்கும்."

சும்மா சொல்லவில்லை. இளம் பொடியன் தனியே காரில் வந்தால் ஆமிச் சென்ரியில் சோதனைக்கு இறக்கி ஒரு மணித்தியாலம் வைத்திருப்பார்கள். பக்கத்தில் திருநீறு பூசின ஒரு தாய் இருந்தால், எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, மகனா?" என்று கேட்டு விடுவார்கள். அவன் காசுக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடத் தொடங்கினான். நிலாவெளி, இறக்கக்கண்டி, கப்பல்துறை, எங்கே போனாலும் நானும் போனேன். ஆட்களுக்கு அது பிடிக்காது. ஒரு கலியாணக்காரர் கேட்டார், "தம்பி, அம்மா இறங்கினா பொம்பிளையின்ர மாமியும் ஏறலாம் எல்லோ?"

"அம்மா இறங்கினா இது நிண்டிடும் அண்ணை. பழைய கார்" என்றான்.

மாமி பின்னுக்கு நெருக்கிக்கொண்டு ஏறினா. போன இடத்தில் என்னையும் கூப்பிட்டு இலை போட்டார்கள். அந்த வருசங்களில் அழைப்பு இல்லாமல் நான் சாப்பிட்ட கலியாணச் சாப்பாட்டுக்குக் கணக்கில்லை.

நான் பயந்த நாளும் வந்தது. ஒரு பின்னேரம் இரண்டு பேர் வாசல் படலையில் நின்றார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று நான் இங்கே எழுதவில்லை. இரண்டு பக்கமும் அப்படித்தான் வந்து நின்றது. ஒருவருக்கு முப்பது வயது இருக்கும். மற்றவன் பொடியன்.

"அம்மா, கார் ஒருக்கா வேணும். தம்பி ஓடிக்கொண்டு வந்தால் சரி."

மகன் என்னைப் பார்த்தான். நான் உள்ளே போய் அவனுக்கும் எனக்கும் திருநீறு எடுத்து வந்து பூசினேன். குடையை எடுத்தேன். முன் சீற்றில் ஏறி இருந்தேன்.

"நீங்கள் ஏன் அம்மா?" என்றார் மூத்தவர்.

"நான் இல்லாமல் இந்தக் கார் ஓடுறேல்லை. ஒழுங்கையில ஆரையும் கேளுங்கோ."

"நாங்கள் போற இடத்துக்கு நீங்கள் வர ஏலாது."

"அப்ப அதுக்கு இஞ்சால இறங்குங்கோ. அதுவரைக்கும் கொண்டுவந்து விடுறம்."

அவர் பொடியனைப் பார்த்தார். பொடியன் மற்றப் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டான், சிரிப்பை அடக்கத்தான். பிறகு இரண்டு பேரும் பின்னுக்கு ஏறினார்கள். நான் வாய்க்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டபடி இருந்தேன். கண்டி றோட்டில் பாதி வழியில் பின்னுக்கிருந்து சத்தம் வந்தது.

"அண்ணை, கொஞ்சம் மெல்லப் போங்கோ. எனக்குத் தலை சுத்துது."

திரும்பிப் பார்த்தேன். பொடியனின் முகம் வெளிறிப்போய் இருந்தது. என் மகனைவிட ஒரு வயது குறைவாக இருக்கும்.

"சாப்பிட்டனியே?"

"இல்லை அம்மா."

"கண்ணாடியை இறக்கி விடு. வெளியில பார். கீழ பாராத."

ஒரு மதகுக்குப் பக்கத்தில் நிற்பாட்டச் சொல்லி இறங்கினார்கள். மூத்தவர் திரும்பிப் பாராமல் நடந்தார். பொடியன் மட்டும், "வாறன் அம்மா" என்றான். அவனையும் ஒருத்தி பெற்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, அவனுக்கும் சேர்த்துப் பிள்ளையாரைக் கும்பிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகன் மெல்லத்தான் ஓடினான். பிறகு கேட்டான், "அம்மா, உங்களுக்குப் பயமில்லையே?"

"பயம்தான். வீட்டில இருந்து பயப்பிடுறதிலும் பார்க்க இதுக்குள்ள இருந்து பயப்பிடுறது சுகம்."

அந்தக் கிழமை உழைத்த காசில் அவன் பஞ்சும் ரெக்சினும் வாங்கி வந்து, நான் இருக்கிற சீற்றைப் பிரித்து, குத்துகிற ஸ்பிரிங்கை மாற்றி, படங்கு தைக்கிற ஊசியால் தானே தைத்தான். தன் பக்கத்துச் சீற்று கிழிந்தபடியே கிடந்தது.

"உன்ர சீற்று?" என்று கேட்டேன்.

"அதுக்கு அடுத்த கலியாண ஹயர் வரட்டும்" என்றான்.