உடையும் அமிலமும் ஓர் இருமலும்

ராஜபாளையம் ஆய்வகத்தில் நாங்கள் அளந்துகொண்டிருந்த அமிலத்துக்கு என்னைவிட முன்கோபம். உப்பாக இருக்கும்வரை, தண்ணீரில் கரைத்தாலும் சமர்த்து. வேறொரு அமிலக் கரைசலில் ஊற்றி, அதுவும் அமிலமாக மாறியதுமே உடைய ஆரம்பித்துவிடும். அதன் வீரியத்தைச் சொல்லும் அமில மாறிலி எங்களுக்கு வேண்டும். உடைய உடைய அது எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று ஸ்பெக்ட்ரோ கருவி காட்டும். அந்தப் புள்ளிகளை இணைத்துக் கோட்டைப் பின்னால் இழுத்தால், கலந்த கணத்தில், எதுவும் கெடாதபோது, என்ன அளவு என்று தெரிந்துவிடும்.

ஊற்றிக் கலக்குவது நான். "ஊத்திட்டேன்" என்றதும் கருவியில் நேரத்தை ஓடவிடும் பொத்தானை அழுத்துவது என் தோழி. அப்படித்தான் வேலை ஓடிக்கொண்டிருந்தது, அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை. அந்தச் செய்தியை ஆய்வகத்தைப் பெருக்க வரும் அக்கா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கு எனக்குச் சொல்ல வாய் வரவில்லையா? பேச்சை நிறுத்திவிட்டேன். ஆனால் அளக்கிற வேலை நிற்குமா? "ஊத்திட்டேன்" என்பதற்குப் பதிலாக இருமத் தொடங்கினேன். அவளும் வீம்புக்காரி, இருமலுக்குப் பொத்தானை அழுத்தினாள்.

கல்யாணத்துக்கு முன் அவள் வந்த கடைசி நாள். குப்பியில் இரண்டு முறைக்குத்தான் உப்பு மிச்சம். அது போனால் அவளுடைய ஆய்வேடும் தொங்கலில்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததில் என் தொண்டையெல்லாம் புழுதி. ஊற்றுவதற்கு முன்பே நிஜமான இருமல் வந்துவிட்டது. அவள் அழுத்திவிட்டாள். பதறிப்போய்க் கரைத்து வைத்திருந்ததைக் கீழே சிந்திவிட்டேன்.

"ஏட்டி, தொண்டை சரியில்லன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான!"

"நீ மட்டும் கல்யாணத்த வாயத் தொறந்து சொன்னியாக்கும்?"

அவள் அழுதுவிட்டாள். "ஒங்கிட்ட சொன்னா அழுதுருவேன்னுதாம்ட்டி சொல்லல. கோயமுத்தூருக்குப் போயிட்டா பொறவு எனக்கு யாரு இருக்கா?"

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மிச்ச உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டேன். "ஊத்திட்டேன்" என்று கத்தினேன், பக்கத்து அறைக்கே கேட்டிருக்கும். புள்ளிகள் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. கோட்டைப் பின்னால் இழுத்து அவளே அளவைக் குறித்தாள். அன்று பஸ் ஸ்டாண்ட் வரை பேசித் தீர்த்தோம்.

இப்போது அவள் கோயமுத்தூரில். எனக்கு வேறோர் அமிலம், இதுவும் முன்கோபிதான். தனியாகத்தான் அளக்கிறேன். ஊற்றியதும் "ஊத்திட்டேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. யாரும் அழுத்தவில்லையே என்று உறைத்த பிறகுதான் என் கை பொத்தானுக்குப் போகிறது.