கதவு திறந்திருந்த மத்தியானம்

சுவரில் கட்டியிருந்த வெள்ளை வேட்டியில் ஒரு கதவு தெரிந்தது. பாதி திறந்து கிடந்தது. காவலுக்கு நின்ற திருடன் உள்ளறைக்குப் போய்விட்டான். கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஒரு வயதான ஆள். எழுந்து நாலு எட்டு வைத்தால் வீதி. அவர் எழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அந்த இடத்தில்தான் சனம் கத்தத் தொடங்கியது.

கோயில் திருவிழாவுக்கு மறுநாள் அது. வேலைக்குப் போகிறவர்கள் பச்சைப் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில், ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி, பகலிலேயே இருட்டாக்கிப் படம் போட்டார்கள். என் அண்ணன் மகன் எல்ல டவுனில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். வெள்ளைக்காரர்களுக்குப் படம் காட்டுகிற மிஷினை அங்கே கேட்டு வாங்கி வந்திருந்தான். படத்தின் கதை பெரிய கதை இல்லை. துப்பாக்கியோடு நாலு பேர் ஒரு பேங்கில் நுழைந்து, உள்ளே இருந்த சனத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். வெளியே பொலிஸ் நிற்கிறது. அவ்வளவுதான். ஆனால் மூச்சு விட விடாமல் எடுத்திருந்தான்.

அண்ணன் மகன் படத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "நல்லாப் பாருங்க. கதவு தெறந்து கெடக்கு. காவல் இல்ல. இவன் ஒக்காந்திருக்கான். லூசா இவன்? இந்த ஒரு எடத்துல படமே படுத்துருச்சு."

"பயத்துல காலு வராதுடா," என்றாள் மதினி. "ஒனக்கு வந்தா தெரியும். எனக்குப் படம் நல்லாத்தான் இருக்கு. பாட்டுதான் இல்ல."

"பாட்டு வேணுமாம்ல. துப்பாக்கிய வச்சிக்கிட்டு ஆடச் சொல்றீங்களா?"

பின்னால் இருந்த பொடியன்கள் திருடன் பக்கம். பேங்க்காரன்தான் முதல் திருடன் என்றார்கள். பொம்பளைகள் சிலருக்குப் பொலிஸ் அதிகாரியைப் பிடித்திருந்தது. இன்னொருத்தி, இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று ஏசினாள். நான் படத்தைப் பார்க்கவில்லை. முன் வரிசையில் இருந்த பெரிய கிளாக்கர் ஐயாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனும் அவரைத்தான் பார்த்தான். எங்கள் வயதுக்காரர்கள் எல்லாருமே.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற பெரிய கிளாக்கராக இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். வேலையை விட்டபின் மகளோடு ஹாலிஎலயில் இருந்தார். திருவிழாவுக்குப் பழைய ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தோம். அவர் ஒருத்தர்தான் வந்தார். மாற்றலாகிப் போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை எங்கள் தோட்டத்தில் கால் வைக்கிறார். அவரைத்தான் ஒரு காலத்தில் நாங்கள் பிடித்து வைத்திருந்தோம்.

என் மூத்தவளுக்குப் பல் முளைத்த வருஷம். கொழுந்து குறைவு என்று பொம்பளைகளுக்கு அரைப் பேர் போட்டார்கள். முழு நாள் மலையில் நின்றவளுக்கு அரை நாள் கணக்கு. போடச் சொன்னது துரை. எழுதினது கிளாக்கர் ஐயா. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நாங்கள் குடியிருக்கிற லயத்தில் அவரை யாருக்கும் பிடிக்காது. ஸ்ட்ரைக் தொடங்கி, துரையைப் பிடிக்கத்தான் ஆபீஸுக்குப் போனோம். துரை பின்வழியால் போய்விட்டார். மிஞ்சினது கிளாக்கர் ஐயா. சரி, இவரை வைத்துக்கொள்வோம், துரை பேச வரும்வரை வெளியே விடுவதில்லை என்றான் அண்ணன். அவன்தான் அப்போது தோட்டத்தில் சங்கத் தலைவர். யாரும் அவர் மேல் கை வைக்கவில்லை. வாசலில் கூட்டமாக நின்றோம்.

அப்புறம் நடந்ததை வெளியில் சொன்னால் நம்பமாட்டார்கள். மத்தியானம் பெக்டரிச் சங்கு ஊதியது. வேலையே இல்லாத நாள். ஆனால் வாச்சர் தன் பழக்கத்துக்கு ஊதிவிட்டான். சங்கு ஊதினால் எங்கள் கால் தானாக நடக்கும். அப்பன் காலத்திலிருந்து அப்படி. "ரெண்டு பேர் நில்லுங்க" என்று அண்ணன் சொன்னான். எந்த ரெண்டு பேர் என்று சொல்லவில்லை. ஒருத்தன் நிற்பான் என்று இன்னொருத்தன் நினைத்தான். கூட்டம் முழுக்கச் சோறு தின்ன லயத்துக்குப் போய்விட்டது. தின்றுகொண்டிருக்கும்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. கையைக்கூடக் கழுவாமல் ஓடினோம்.

ஆபீஸ் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே அதே நாற்காலியில் கிளாக்கர் ஐயா. நமுனுகுல மலையிலிருந்து மூட்டம் இறங்கி ஊரே விறைத்துப் போயிருந்த நாள். அவர் சட்டை மட்டும் வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னங்க ஐயா, கதவு தெறந்துதான கெடந்துச்சு. கண்ணு தெரியலயா?" என்றான் அண்ணன். கூட்டம் சிரித்தது.

அவர் நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியளோ?" என்று கேட்டார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

பொழுது சாய்வதற்குள் சங்கத்துப் பெரியவர்கள் பதுளையிலிருந்து வந்தார்கள். துரையும் வந்தார். பேசினார்கள். அரைப் பேர் நின்றது. அடுத்த மாசமே கிளாக்கர் ஐயாவை வேறொரு சின்னத் தோட்டத்துக்கு, சின்னக் கிளாக்கராக மாற்றினார்கள். பயந்துபோய் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார் என்று பேசிக்கொண்டோம். அதற்குப் பிறகு யாராவது எதற்காவது பயந்தால், "என்னடா, கிளாக்கர் மாதிரி சட்டை நனையுதா?" என்பது எங்கள் லயத்துக் கேலியாகிவிட்டது. என் மகள்கூட அதைச் சொல்லித்தான் வளர்ந்தாள். எங்கிருந்து வந்த கேலி என்று அவளுக்குத் தெரியாது.

அண்ணன் மகனுக்கும் தெரியாது. அதனால்தான் அவன் சிரித்துக்கொண்டே அவரிடம் திரும்பினான். "ஐயா, படிச்சவங்க நீங்க சொல்லுங்க. நீங்களா இருந்தா ஓடியிருப்பீங்களா, மாட்டீங்களா?"

மதினி அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். அவனுக்கு ஏன் என்று விளங்கவில்லை.

ஐயா வேட்டியில் நின்றுபோயிருந்த கதவையே பார்த்தார். "ஓடலாம், தம்பி. கதவு திறந்துதானே கிடக்கு. ஆனா வெளியில பொலிஸ் நிக்குது. இந்தாள் உள்ளுக்கை இருக்கிற மட்டும் அவை வரமாட்டினம். இந்தாள் வெளியில வந்தால் உள்ளுக்கை இருக்கிற ஆக்களின்ர பாடு?"

அண்ணன் எழுந்து நின்றான். சங்கத்தில், மேடையில், துரை முன்னால் அவன் பேசிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மெதுவாகத்தான் கேட்டான். "ஐயா... அன்னைக்குக் கதவு தெறந்து கெடந்தது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன்?"

"துரையின்ர டிரைவர் பின்பக்கத்தால வந்தவன். ஒருத்தரும் இல்லை, கெதியா வாங்கோ ஐயா, கோயிலடியில பொலிஸ் லொறி நிக்குது, நீங்கள் வெளியில வந்த உடன மேல ஏறும் எண்டு சொன்னவன். எல்லாரும் சோத்துக்கு முன்னால இருக்கிற நேரம். பிள்ளையளும் இருக்குங்கள்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவையள் சாப்பிட்டிட்டு வரட்டும் எண்டன்."

சாக்கு கிழிசல் வழியாக ஒரு கம்பி வெளிச்சம் வந்து அவர் தோளில் விழுந்திருந்தது. அண்ணன் மகன் மிஷினைப் போடவா வேண்டாமா என்று கையை அதன்மேல் வைத்தபடி நின்றான். "போடு தம்பி, மிச்சத்தைப் பாப்பம்" என்று அவர்தான் சொன்னார். மிச்சப் படத்தை எல்லாரும் பார்த்தோம். என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பெரிய பேச்சு வராது. ஆனால் அந்த மத்தியானத்தை நினைத்தால் மேல் சிலிர்க்கிறது. நாங்கள் சோறு பிசைந்துகொண்டிருந்தோம். கோயிலடியில் லொறி உறுமிக்கொண்டிருந்தது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷன் நாற்காலியில் இருந்தார். அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற சனத்துக்காக இருந்தார். பயமில்லாத ஆள் இல்லை. சட்டை நனைந்தது உண்மைதான். பயந்துகொண்டே இருந்தாரே, அதுதான் எனக்கு அளக்க முடியாமல் இருக்கிறது. டிரைவர் சொன்னபடி எழுந்து போயிருந்தால் என் அண்ணன் இன்றைக்கு ரெண்டு காலில் நடப்பானா என்று எனக்குத் தெரியாது. டிரைவர் போய்த் துரையிடம் சொல்லியிருக்கிறான். அதற்குக் கிடைத்ததுதான் அந்தச் சின்னத் தோட்டம். இத்தனை வருஷத்தில் ஒரு ஆளிடம் அவர் இதைச் சொல்லவில்லை. ஒரு பொடியன் படத்தைப் பார்த்துக் கேட்காவிட்டால் சொல்லியிருக்கவும் மாட்டார்.

அண்ணன் மகன் இன்னமும் பிடித்த பிடியில்தான் நிற்கிறான். "ஐயா வெசயம் வேற சித்தப்பா. படத்துல அந்த எடம் ஓட்டைதான்" என்கிறான். மதினி இப்போது அதுதான் படத்திலேயே நல்ல இடம் என்கிறாள். ரெண்டு பேரும் அதற்காக ஒரு வாரம் முட்டிக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சட்டை நனைகிற கேலி லயத்தில் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

இந்த வருஷம் ஐயா போய்விட்டார். செய்தி வந்ததும் தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறையச் சனம் ஹாலிஎலக்குப் போனோம். சின்ன வீடு. நடுவில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வாசல் கதவு ரெண்டு பக்கமும் திறந்து கிடந்தது. உச்சிக்கு வெயில் வந்தபோது அவர் மருமகன் வந்து, பக்கத்து வீட்டில் சோறு வைத்திருக்கிறது, தூரத்திலிருந்து வந்தவர்கள் முதலில் சாப்பிடுங்கள் என்றார். இப்போது எங்கள் பெக்டரி மூடிக் கிடக்கிறது. சங்கு கிடையாது. ஆனாலும் எங்கள் சனம் அந்த நேரத்துக்குத் தானாக எழுந்தது.

அண்ணன் எழவில்லை. கதவோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"வாண்ணே," என்றேன்.

"நீங்க சாப்பிட்டு வாங்கடா," என்றான். "நான் இருக்கேன்."