நெற்றியில் மிஞ்சிய திருநீறு

வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே பெரிய ஒப்பரேஷனுக்குப் போகிறவர்களின் நெற்றியில் சென்சார் ஒட்டுகிறவள் சுபோதினி. பார்த்தால் பிளாஸ்டர் மாதிரி ஒரு பட்டைதான். ஆனால் அதிலிருந்து போகும் வெளிச்சம் மண்டையோட்டைத் தாண்டி, மூளையின் இரத்தத்தில் ஒட்சிசன் போதுமா என்று பார்த்துத் திரையில் இலக்கமாகச் சொல்லும். இலக்கம் விழுந்தால் மூளை தவிக்கிறது என்று அர்த்தம்.

நம்முடைய சனமோ கோயில் திருநீற்றை அள்ளிப் பூசித்தான் ஆளை உள்ளே அனுப்பும். அடியில் தூள் இருந்தால் பட்டை கிளம்பும், இலக்கம் சும்மா விழும். அதனால் சுபோதினி ஸ்பிரிட் பஞ்சால் ஈவிரக்கமில்லாமல் துடைப்பாள். "கொஞ்சமாவது விடு பிள்ளை" என்று கெஞ்சினாலும் மசியமாட்டாள். "கடவுள் நெத்தியில இல்லை அம்மா, உள்ளுக்குள்ள இருப்பார்" என்பாள். நல்ல வாய்க்காரி.

ஊருக்குத்தான் உபதேசம்! அவளுடைய புருஷன் ராகுலனுக்கே இதய வால்வு மாற்றவேண்டி வந்தது. பட்டையைத் தானே ஒட்டுவதாகப் பிடிவாதமாக நின்றாள். மாமியார் இரத்தினம்மா கொட்டாஞ்சேனைக் கோயிலில் அர்ச்சனை செய்து, மகனின் நெற்றி நிறையத் திருநீறு பூசி, "இதை மட்டும் அழிச்சுப்போடாதை பிள்ளை" என்று அவள் கையைப் பிடித்தாள். சுபோதினி பஞ்சை எடுத்தாள். அழித்தால் ஏதும் நடந்துவிடுமோ? பாதியைத் துடைத்தாள். புருவத்துக்கு மேலே ஒரு கீற்றை விட்டு, அதன்மேலேயே பட்டையை அழுத்தி ஒட்டினாள்.

ஒப்பரேஷன் நடக்கும்போது சொந்தக்காரருக்கு உள்ளே இடமில்லை. திரையைப் பார்த்தது அவளோடு வேலைசெய்யும் நிம்றா. நடுவில் இலக்கம் விழுந்தது. குனிந்து பார்த்தால் பட்டையின் ஓரம் கிளம்பியிருந்தது. "டொக்டர், பட்டை லூஸ். அடியில திருநீறு ஈக்குது" என்றாள். கழற்றித் துடைத்துப் புதுப் பட்டை ஒட்டினார்கள். இலக்கம் இன்னும் கீழே போயிருந்தது. முதலில் விழுந்ததும் உண்மையாகத்தான் விழுந்திருந்தது. பட்டையோடு மினக்கெட்ட பாழாய்ப்போன அந்தச் சில நிமிஷமும் மூளை தவித்துக்கொண்டு கிடந்தது!

ராகுலன் பிழைத்தான். சாப்பிடுவான், நடப்பான். வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டே சுபோதினியைப் பார்த்து, யாரோ நேர்ஸைக் கேட்பதுபோல, "மிஸ், நான் எப்ப வீட்ட போறது?" என்று கேட்பான்.

நிம்றா நடந்ததை அவளிடம் மறைக்கவில்லை. மாமியாரிடம் சொல்லத்தான் இவளுக்கு வாய் வரவில்லை. இரத்தினம்மா காலையில் மகனின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, மிச்சத்தை மருமகளுக்கும் பூசுவாள்.

"அண்டைக்கு நீ முழுக்க அழிக்காமல் விட்டபடியாத்தான் என்ர பிள்ளை உயிரோட வந்தவன். நீ நல்லா இருப்பாய்."

சுபோதினி நெற்றியைக் காட்டுவாள்.

"ஓம் மாமி" என்பாள்.